நூறினிடம்

என் கணவருக்குச் சீனி வருத்தம் வந்து பதினோரு வருடமாகிறது. எனக்கு வாய் வருத்தம் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது என்று அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். இரண்டுக்கும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லையாம். நான் முப்பது வருடம் சின்ன வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். சத்தம் போடாமல் எந்தப் பிள்ளைக்கும் கழித்தல் ஏறியதில்லை என்பது என் அனுபவம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

போன ஐப்பசியில் கண் வைத்தியர் அவருடைய கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பின்பக்கத்தில் இரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறது, சீனியைக் குறைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்றார். இவர் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். வீடு வந்து சேரும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வழிநெடுக ஏசிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொலிஸ் ஆட்சி. பாண் துண்டை எண்ணிக் கொடுத்தேன். தேத்தண்ணீரை வெறுமையாகக் கொடுத்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்த வாழைப்பழத்தைக்கூட அவர் கண் படாமல் எடுத்து ஒளித்தேன். அவர் முகம் கழுவி முடிப்பதற்குள் அன்றைய முதல் ஏச்சு விழுந்துவிடும். பயத்தில்தான் ஏசினேன். அவர் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது போல ஒரு நினைப்பு எனக்கு அடிக்கடி வரும். வந்தவுடன் இன்னும் சத்தமாக ஏசுவேன்.

இனி எங்கள் வீட்டு ரிவி, தொலைபேசித் திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு இருப்பது தொண்டைமானாற்றில், கடலேரி கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட. வாடைக்காற்று தொடங்கினால் மேசையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும். இரும்பென்றால் வர்ணம் பூசி ஒப்பேற்றலாம். திரை உள்ள சாமான்கள்தான் எங்கள் வீட்டில் அற்பாயுள். முதல் வாங்கிய தட்டை ரிவி இரண்டாம் வருடமே ஓரத்தில் கறுத்தது. கறுப்பு நாளுக்கு நாள் நடுவுக்கு நகர்ந்தது. செய்தி வாசிக்கிற பிள்ளையின் ஒரு கண் மறைந்துபோன அன்று அதை ஓட்டோவில் ஏற்றி நெல்லியடியில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனோம்.

கடைக்காரர் பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கம்பிகளெல்லாம் பச்சை பூத்திருந்தன.

"ரீச்சர், உந்தத் திரையளுக்கு எதிரி ரண்டு பேர். ஒண்டு காத்து, மற்றது ஈரம். கொம்பனிக்காரன் ரண்டும் புகாமல் சுத்திவர ஒட்டித்தான் அனுப்புறான். உங்கடை உப்புக் காத்து அந்த ஒட்டைத் தின்னுது. காத்துப் படாமல் வைச்சிருங்கோ, நாலு வரியம் கூட நிக்கும்."

எனக்கு ஒரு விதி கிடைத்தால் போதும், அதைக் கடைப்பிடித்தே மற்றவர்களின் உயிரை எடுத்துவிடுவேன். புது ரிவிக்குத் தடித்த துணியில் உறை தைத்தேன். ரிமோட்டைப் பொலித்தீனில் சுற்றி இறப்பர் வளையம் போட்டேன். கைத்தொலைபேசிகள் இரண்டும் இரவில் இறுக மூடும் டப்பாவுக்குள் போகும். சப்பாத்துப் பெட்டிகளுக்குள் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் சின்னப் பொதிகளை ஊரெல்லாம் கேட்டு வாங்கினேன். தெரிந்தவர்கள் வீட்டில் யாராவது புதுச் சப்பாத்து வாங்கினால் பொதி எனக்கு வந்துவிடும்.

"என்னையும் ஒரு பையிலை போட்டுக் கட்டி வையுமன், நானும் நாலு வரியம் கூட நிப்பன்" என்றார் அவர்.

கண் வைத்தியரிடம் போய் வந்த கிழமையே சீனி பார்க்கும் மெசின் ஒன்று வாங்கினோம். விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைத் தாள் துண்டில் தொட்டால், சின்னத் திரையில் இலக்கம் வரும். எங்கள் வீட்டில் இருந்த திரைகளுக்குள் அதுதான் ஆகச் சிறியது. அவருடைய கண் அதற்குள்ளேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆகவே அதற்கு ஆகச் சிறந்த பாதுகாப்பு வேண்டும். யோசித்தேன். அவருக்குப் போடும் இன்சுலின் கெடாமல் இருப்பது எங்கே? பிரிட்ஜில். உப்புக் காற்று போகாத இடமும் அதுதான். மெசினைப் பொலித்தீனில் சுற்றி, நாலு பொதியும் போட்டு, ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்து மூடி, இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கிழமைக்கு இரண்டு தரம் விடியற்காலையில் சோதிப்போம். மெசினைப் போட்டு, விரலில் குத்துவது அவர். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கொப்பியோடு வருவதற்குள் இலக்கம் வந்திருக்கும். வாசிக்கிற வேலையை நான் அவருக்கு விடவில்லை. நூற்றுத் தொண்ணூறை நூறு என்று சொல்லி ஒரு பழம் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திரை பனி பிடித்திருக்கும். லேஞ்சித் துணியால் துடைத்துவிட்டு வாசித்து, எழுதி, உடனேயே சுற்றித் திருப்பி வைத்துவிடுவேன்.

முதல் கிழமைகளில் இருநூற்றுக்குக் கீழே வரவேயில்லை. சீனிக்கு நல்லதென்று சொல்கிற குறிஞ்சா இலை வறையைக் கூட்டினேன், சோற்றைக் குறைத்தேன், ஏச்சையும் கூட்டினேன். கார்த்திகை கடைசியில் ஒருநாள் காலை லேஞ்சியால் துடைத்துப் பார்க்கிறேன், தொண்ணூற்றிரண்டு.

"இஞ்சாருங்கோ, தொண்ணூற்றிரண்டு!" என்று கத்தினேன். அவர் திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஓமோ?" என்றார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. குறிஞ்சாவின் பெருமையைத் தொலைபேசியில் நாலு பேருக்குச் சொன்னேன். அடுத்த தரம் எண்பத்தினாலு. அன்று நீர்வேலிக் கதலிப்பழத்தில் பாதியை நானே உரித்து அவர் கையில் கொடுத்தேன். பின்னேரம் மழை விட்டிருந்தது. "பாலத்தடிக்கு ஒருக்கா நடந்திட்டு வருவமோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பாலத்தில் நின்று இறால் பிடிப்பவர்களைப் பார்ப்போம். பஸ்ஸில் ஆட்டுக்கு அரை ரிக்கற் கேட்ட ஒருவரின் கதையை அவர் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் வலை வீசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதில்லை. ஒருவேளை நான்தான் சொல்ல விடவில்லை.

ஒருநாள் மெசின் முப்பத்தொன்று காட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தொன்று என்றால் மனிதன் மயங்கி விழ வேண்டும். மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி அவர் வாயில் வைத்தேன். "எனக்கொண்டும் செய்யேல்லை" என்றார். "குடியுங்கோ, வாய் காட்டாமல் குடியுங்கோ" என்றேன். குடித்தார். அரை மணித்தியாலத்தில் மறுபடி பார்த்தால் அறுபத்தேழு. ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்று கும்பிட்டேன். இன்சுலின்தான் கூடிப்போயிற்று என்று நானே தீர்மானித்து நாலு யூனிற் குறைத்தேன். வைத்தியரைக் கேட்கவில்லை. இலக்கம் கையில் இருக்கும்போது வைத்தியர் எதற்கு?

அதற்குப் பிறகு அவர் மெலியத் தொடங்கினார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். பாலத்தடிக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"தண்ணி விடாயாக் கிடக்கு. களைப்பாயும் கிடக்கு" என்றார் ஒருநாள்.

"வயசு போனால் களைக்கும்தான். மெசின் தொண்ணூற்றாறு எண்டு சொல்லுது, நீங்கள் களைப்பெண்டு சொல்லுறியள். நான் ஆரை நம்புறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மெசினையே நம்பும்" என்றார்.

மார்கழி மூன்றாம் கிழமையில் ஒரு காலை, குளிக்கப் போனவர் கிணற்றடியில் குந்தியபடியே இருந்தார். எழும்ப முடியவில்லை. மூச்சு பெரிதாக வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த தாதி முதல் வேலையாக அவருடைய விரலில் குத்திப் பார்த்தார். நானூற்று இருபத்தெட்டு.

"இருக்காது மிஸ்ஸி. முந்தநாள் வீட்டிலை பாத்தனாங்கள், தொண்ணூற்றாறு" என்றேன்.

"உங்கடை மெசினைக் கொண்டந்தனியளோ அம்மா?"

கொண்டு வந்திருந்தேன். ஐஸ்கிரீம் பெட்டியோடுதான். தாதி பெட்டியைத் திறந்து, பொதிகளை ஒதுக்கி, பொலித்தீனைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். ஏதோ கலியாணப் பரிசைப் பிரிப்பது போல அது முடியாமல் போய்க்கொண்டிருந்தது. மெசினைப் போட்டு எனக்கு முன்னால் பிடித்தார்.

"பாருங்கோ. போட்டவுடனை எல்லா இடமும் வேலை செய்யுதோ எண்டு அது தானே காட்டும். மூண்டு எட்டு வரவேணும். இதிலை ரண்டுதான் வருது. முன்னுக்குள்ள இடம் செத்துப் போச்சு."

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "பிரிட்ஜிலையிருந்து எடுத்த சோடாப் போத்தல் வேர்க்கிறதெல்லே? அப்பிடித்தான் இதுக்குள்ளையும் வேர்த்திருக்கு. நீங்கள் எடுக்க எடுக்கத் தண்ணி பிடிச்சிருக்கும். அதைத் திருப்பி இறுக்கிக் கட்டினால் ஈரம் எங்கை போறது? இதைச் சும்மா அலுமாரித் தட்டிலை வைச்சிருந்தாலே போதும்."

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். அந்த வேலியைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவள் நான். ஒன்றினிடம், பத்தினிடம், நூறினிடம் என்று முப்பது வருடம் கரும்பலகையில் கோடு போட்டவள், நூறினிடம் வெறுமையாகக் கிடந்ததை ஒரு தரமும் யோசிக்கவில்லை. தொண்ணூற்றிரண்டுக்கு முன்னால் இரண்டோ மூன்றோ இருந்திருக்கிறது. முந்நூறைத் தாண்டி நின்ற மனிதருக்கு மூன்று கரண்டி சீனியைக் கரைத்துப் பருக்கிவிட்டுத்தான் சாமியைக் கும்பிட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு எனக்கு என்மேல் வந்த வெறுப்புக்கு அளவில்லை.

அவரை வாட்டில் போட்டு, சேலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சீனி இருநூற்றுக்குக் கிட்ட இறங்கியது. கண்ணைப் பார்க்க வந்த வைத்தியர், கசிவு கொஞ்சம் கூடியிருக்கிறது, லேசர் பிடிக்க வேண்டும், ஆனால் பார்வை தப்பிவிட்டது என்றார். அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, மெசின் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். எட்டுகளைச் சொன்னேன், பிரிட்ஜைச் சொன்னேன். "நான்தான் உங்களைக் கொல்லப் பாத்தனான்" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு குறைஞ்சது எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன?"

"மெசினைப் போடுறது நான்தானே. தொண்ணூற்றிரண்டு வந்த அண்டைக்கே கண்டனான். முன்னுக்கு ஒண்டைக் காணேல்லை. முப்பத்திரண்டு வரியம் மீற்றர் வேலை செய்யாத பஸ்ஸெல்லாம் ஓடினனான், உது விளங்காதே எனக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப ஏன் சொல்லேல்லை? கண் போயிருந்தால்? ஆளே போயிருந்தால்?"

"சொல்லத்தான் வாயெடுத்தனான். நீர் கொப்பியை வைச்சுக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டீர். ரண்டு நாள் போகட்டும் எண்டு விட்டன். பிறகு நீர் பாலத்தடிக்குக் கூப்பிட்டீர்." போர்வை நுனியைத் திருகினார். "கண் டொக்டரிட்டைப் போட்டு வந்த நாள் தொடங்கி நீர் என்னை ஏசினீர், எழுப்பினீர், தின்னப் பண்ணினீர். கதைக்கேல்லை. அந்த மூண்டு கிழமைதான் என்னோடை கதைச்சனீர். மெசினைத் திருத்தினால் அது நிண்டிடும் எண்டு பயந்திட்டன்."

அறுபத்தைந்து வயது மனிதர், பார்வையைப் பணயம் வைத்து, மூன்று கிழமை என் பேச்சை வாங்கியிருக்கிறார். எனக்கு ஏச வாய் வந்தது, ஏச்சு வரவில்லை. போர்வையைச் சரிசெய்தேன். தண்ணீர்ப் போத்தலை எட்டும் இடத்தில் வைத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு தாதி வந்தார். "நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி நடந்தேன்.

வாசலுக்குக் கிட்டப் போகும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏசாமல் போறீரோ? டொக்டர் உமக்கு என்னைப் பற்றி வேறை ஏதும் சொன்னவரோ?"

திரும்பிப் பார்த்தேன். பகிடியில்லை. அந்த முகத்தில் உண்மையான பயம் இருந்தது.

திரும்பி வந்து கட்டில் விளிம்பில் இருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, முழு வாட்டும் கேட்கத் தக்கதாக ஏசத் தொடங்கினேன். முகம் மெல்லத் தெளிந்தது. ஏசி முடிக்கும்வரை கையை விடவில்லை.