கரண்டு போன நிலா

நேற்று மாலை மத்திகிரிச் சாலையில் ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து நீர் சொட்ட, நனைந்த கல்தூளின் வாசனை பின்னால் மிதந்து வந்தது. மழை மண்ணுக்கு உள்ள புகழ் இந்த வாசனைக்குக் கிடையாது, நண்பரே. எனக்கோ அது மூக்கில் ஏறியதும் ஒரு பாலைவனமும், அதன்மேல் எழுந்த முழுநிலவும் நினைவுக்கு வந்துவிட்டன.

ஓசூரில் ஏது பாலைவனம் என்பீர்கள். இருந்தது. பேரிகை என்ற ஊருக்கு அப்பால், ஜல்லி உடைக்கும் ஆலைகள் விற்க வழியின்றிக் கொட்டிய கல்தூள், காற்று வரிவரியாகக் கோடிழுத்த சாம்பல்நிறக் குன்றுகளாகக் கிடந்தது. ஒட்டகம் ஒன்றுதான் குறை.

அப்போது நான் தொழிற்சாலையில் பயிற்சியாளன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து, பேச்சுப் போட்டிகளில் வென்ற கோப்பைகளைப் பெட்டியிலும் சட்டைகளைப் பையிலும் சுமந்து வந்தவன். பெட்டிதான் பெரியது. கைதட்டலுக்குப் பழகிய காதுகளுக்கு எந்திர இரைச்சல் மட்டுமே வாய்த்த அந்நாட்களில், என் சொற்பொழிவுகளை உணவு இடைவேளையில் கேட்டவர் மஞ்சுளா அக்கா ஒருவர்தான். கேட்டார் என்பதைவிட, சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்து போகவில்லை என்பதே சரி.

அக்கா பேரிகைக்காரர். வீட்டில் தெலுங்கு; கணவர் நாகராஜ் அண்ணனோடு சண்டையென்றால் கன்னடம்; எங்களோடு தமிழ். உதிரிபாகங்களைப் பரிசோதிக்கும் மேசையில் ஆண்டுக்கணக்காக நின்றும் அவர் ஒப்பந்தத் தொழிலாளிதான். தொழிற்சாலை நாட்காட்டிக்கான நிழற்படப் போட்டியில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கலந்துகொள்ளலாம் என்று அவ்வாண்டு அறிவிப்பு ஒட்டினார்கள்.

“படத்துக்குக் கீழ எடுத்தவங்க பேரு போடுவாங்களாம், தம்பி. எம்பேரு இங்க எதுலயுமே இல்ல. இதுலயாச்சும் வரட்டும்” என்றார்.

மொட்டைமாடியில் துணி எடுக்கப்போகும்போதெல்லாம், அக்குன்றுகளின்மேல் நிலா எழுவதை அவர் பார்த்திருக்கிறார். படம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள்தான் பௌர்ணமி. காலை ஷிப்ட் முடிந்ததும் அண்ணனையும் சேர்த்து மூவரும் கிளம்பினோம். அங்கிருந்த காவலாளி, நாகராஜ் அண்ணனுக்குத் தெரிந்தவர்; தடுக்கவில்லை.

தூசியும் அந்தியும் கலந்த மங்கலில், இரு குன்றுகளுக்கு நடுவே செம்மஞ்சள் வட்டம் ஒன்று தோன்றியது. அக்கா கைப்பேசியைத் தூக்கி அடுக்கடுக்காகப் படம் எடுத்தார். எனக்கோ மேடையே கிடைத்துவிட்டது. மேட்டின் உச்சியில் ஏறி, வலக்கையை நீட்டி, “பாலையின் பேரரசியே, ஆலைப் புகைக்கும் அஞ்சாத அருஞ்சுடரே” என்று தொடங்கினேன். மூன்றாவது அடைமொழியில் பேரரசி அணைந்துபோனாள்.

அண்ணன் கேட்டார்: “நெலாவுக்குமா கரண்டு போச்சு?”

பக்கத்து ஆலையில் புதிதாக நட்ட உயர்கோபுர விளக்கு அது. மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் எங்கள் கண்கள் நிலவைவிட விளக்குகளையே அதிகம் கண்டவை, ஏமாந்துவிட்டன. அக்கா சிரிக்கவில்லை. எடுத்ததையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அத்தனையும் விளக்கு. நான் மேட்டின் உச்சியில், நீட்டிய கையை இறக்கவும் மறந்து நின்றேன்.

திடீரென அக்கா சரிவில் ஓடினார். விளக்கின் கூசலில் தெரியாதிருந்த அசல் நிலா, வலப்புறக் குன்றின் விளிம்பில் பெரிதாக ஏறிக்கொண்டிருந்தது. அதை என் விரல்நுனிக்கு நேராகக் கொண்டுவரும்வரை அவர் இடம் மாறிக்கொண்டே இருந்தார்.

“தம்பி, அசையாதீங்க. பேசவும் பேசாதீங்க.”

“எவ்வளவு நேரம்க்கா நிக்கது?”

“வாய மூடிக்கினு நின்னா சீக்கிரம் முடியும்.”

கரண்டு வரக்கூடாதே என்று அண்ணன் வேண்டிக்கொண்டது, அநேகமாக அவர் வாழ்விலேயே அந்த ஒரு மாலையில்தான்.

நாட்காட்டியின் மார்ச் மாதத்தில் அந்தப் படம் வந்தது. வெறுங்குன்று, முழுநிலா, அதைச் சுட்டும் கரிய உருவம்; கீழே, ‘படம்: நா. மஞ்சுளா’. பார்த்தவர்கள் யாரந்த ஒட்டகக்காரர் என்று கேட்டார்கள். என் மேடை வாழ்வில் நான் பெற்ற ஆகப்பெரிய கவனம் அதுவே.

இன்று அக்குன்றுகள் இல்லை. ஆற்றுமணல் அரிதானதும், எவருக்கும் வேண்டாதிருந்த அத்தூளைச் சலித்துக் கழுவி விற்கத் தொடங்கினார்கள். எங்கள் பாலைவனம் லாரி லாரியாக ஏறிப்போய், ஓசூரெங்கும் அடுக்குமாடிகளாக எழுந்துவிட்டது. அக்காவின் புதுவீட்டுச் சுவருக்கும் அதே தூள்தான். அந்தச் சுவரில் மார்ச் மாதத்தைத் தாண்டாத அந்தப் பழைய நாட்காட்டியை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். ஆணி அடித்தபோது, கொஞ்சம் பாலைவனம் உதிர்ந்தது.