தலையில்லாத பாம்பு

தேனி வட்டாரத்தில் அந்த வருஷம் ஒருத்தர்கூட வைகுண்டம் போகவில்லை. எழுபத்து நாலாம் வருஷ ஏகாதசிக்காக அச்சடித்த பரமபதப் படம் எண்ணூறும் பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று விற்றுப் போயிற்று. வாங்கியவர்கள் உருட்டினார்கள், ஏணியில் ஏறினார்கள், பாம்பில் இறங்கினார்கள். உச்சிக் கட்டத்தை மட்டும் யாரும் தொடவில்லை. இத்தனை பேரின் மோட்சத்தையும் மறித்து நின்றவர், ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற ஜேசுராஜ்.

ஜேசுராஜுக்கு அப்போது நாற்பது வயது. தேனி பஜாரில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் அச்சகத்தில் பிளாக் செதுக்குவது அவர் வேலை. மரக்கட்டையில் லினோலியத்தை ஒட்டி, இடம் வலம் மாற்றிச் செதுக்கினால் தாளில் நேராக விழும். உர விளம்பரத்தின் நெற்கதிர், பள்ளிவாசல் அழைப்பிதழின் பிறை எல்லாம் அவர் உளிதான். அந்த வட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளையார்களில் பாதிப் பேர் அவர் கையால் பிறந்தவர்கள். எந்தச் சாமியும் இதுவரை குறை சொன்னதில்லை.

"ஏலே ஜேசு, பழைய பரமபதக் கட்டை தேஞ்சு போச்சு. பாம்பெல்லாம் மண்புழு மாதிரி விழுது. புதுசா ஒண்ணு வெட்டு" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு அந்த ஆட்டமே தெரியாதே அண்ணாச்சி."

"தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? பாம்பு வெட்டத் தெரியும்ல?"

பாம்பு வெட்டத் தெரியும். ஆட்டம்தான் தெரியாது. ஜேசுராஜ் வளர்ந்த வீட்டில் சீட்டும் தாயமும் நுழைந்ததில்லை. தெருவில் எங்கேயாவது தாயக்கட்டையைத் தொட்டுவிட்டு வந்தால் கை கழுவின பிறகுதான் சோறு. அவர் மனைவி ஜெபராணி அந்தச் சட்டத்தை ஒரு சொட்டுக் குறையாமல் காப்பாற்றி வந்தாள்.

ஆட்டம் தெரியாதவர் ஆட்டத்தைத் திருத்த ஆரம்பித்தார். பழைய படத்தில் நடுவிலிருந்து ஒரு ஏணி நேரே வைகுண்டத்துக்கே போயிற்று. இது என்ன குறுக்கு வழி என்று அவருக்குப் பட்டது. ஏணிகளை எல்லாம் கடைசி வரிசைக்குக் கீழேயே நிறுத்தினார். மொத்தம் நூற்று முப்பத்திரண்டு கட்டம். கடைசிக் கட்டம் வைகுண்டம். அதற்கு முந்தைய ஆறு கட்டத்திலும் வரிசையாக ஆறு பாம்புத் தலை. மோட்சம் என்றால் சும்மாவா கிடைக்கும்? செதில் செதிலாக, கண்ணும் நாக்குமாக, இருபது நாள் உட்கார்ந்து வெட்டினார். கை வேலை என்று பார்த்தால் அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "இந்த ஆறையும் எப்படித் தாண்டுவாக அண்ணாச்சி?"

"தாயக்கட்டையில பன்னெண்டு விழும்லே. ஒரே தாவு."

அதோடு இருவர் மனமும் சமாதானமாயிற்று. கட்டை மெஷினில் ஏறியது. அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சி மதுரைக்குப் போனார். அங்கே சிவப்புப் பிளாஸ்டிக் பகடை மலிவாகக் கிடைத்தது. படத்துக்கு ஒன்று வீதம் பொட்டலம் கட்டிச் சேர்த்து விற்றார். அந்தப் பகடைக்காகவே படம் பறந்தது.

மாசி மாதம் ஒரு நாள் காலை, கூடலூரிலிருந்து மாயக்காள் என்ற பெண் அச்சகத்துக்கு வந்தாள். கையில் நாலாக மடித்த பரமபதப் படம். மடிப்பெல்லாம் கிழிந்து சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது.

"அண்ணே, இந்தப் படத்த வெட்டுனது யாரு?"

ஜேசுராஜ் பாராட்டுக்குத் தயாராக எழுந்தார். "நாந்தான்."

"இதுல மேல போக வழி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் படத்தை வாங்கி விரித்தார். அவளே சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு ஆதித்தன், ஜீப் ஓட்டுறாக. கார்த்திகையில குமுளி மலையில பிரேக் புடிக்கல. ஏலக்காத் தோட்டத்துக்குப் போன பொம்பளைக ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டாக. வண்டிக் கோளாறுன்னு போலீஸ்ல எழுதிட்டாக. ஆனா அவுக மனசு கேக்கல. ஏகாதசிக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நாந்தான் இத வாங்கியாந்தேன். ஒருக்கா வைகுண்டம் ஏறிட்டா வண்டிய எடுக்குறேன்னாக. அன்னையிலருந்து விடிஞ்சா இதுதான். ரெண்டு மாசமா ஏறல. செத்தவுக ரெண்டு பேரும் மேல நின்னு மறிக்காகன்னு சொல்றாக. முந்தியெல்லாம் எதுக்கெடுத்தாலும் சாரமில்லம்பாக. அந்த வார்த்தையே போச்சு."

சாரமில்லை என்பது குமுளிக்குப் போய்வரும் டிரைவர்களின் வாயில் ஒட்டிக்கொள்கிற மலையாளம். பரவாயில்லை, விடு என்று அர்த்தம்.

மாயக்காள் முந்தானையிலிருந்து அந்தச் சிவப்புப் பகடையை எடுத்துக் கொடுத்தாள். ஜேசுராஜ் பிறந்தது முதல் பகடையைத் தொட்டதில்லை. வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. அதற்கு மேல் பக்கமே இல்லை. படத்தின் கடைசி வரிசையைப் பார்த்தார். ஆறு பாம்பு. எத்தனை போட்டாலும் ஏதாவது ஒரு வாயில்தான் விழ வேண்டும்.

அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வர்ற வருசம் மாத்திக்கிருவோம். இப்ப வாயத் தொறக்காத. எண்ணூறு பேரும் படத்தத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னா நான் என்ன செய்ய?"

ஜேசுராஜ் கட்டையைப் பழைய செய்தித்தாளில் சுற்றினார். உளி, மை டப்பா, உருளை, கொஞ்சம் தாள் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு மாயக்காளுடன் கூடலூர் பஸ் ஏறினார். லீவு கேட்கக்கூட இல்லை.

வீட்டு வாசலில் ஜீப் தார்ப்பாய் மூடி நின்றது. அடியில் கோழி அடைகாத்தது. உள்ளே ஆதித்தன் தனியாக உட்கார்ந்து, வேறொரு படத்தில் உருட்டிக்கொண்டிருந்தான். ஒன்று கிழிந்துபோகும் என்று முன்யோசனையாக இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தான் மனுஷன். ஜேசுராஜ் எதிரே உட்கார்ந்து கவனித்தார். கீழ் வரிசைகளில் ஆதித்தனின் கை வேகமாக ஓடியது. நூற்று இருபதைத் தாண்டியதும் தயங்கியது. பகடையை உள்ளங்கையில் வைத்தபடி மூச்சை இழுத்தான். போட்டான். ஐந்து. பாம்பு அவனை அடி வரிசைக்கே இறக்கியது. தலையில் குட்டு வாங்கிப் பழகிப்போன பள்ளிப் பிள்ளை மாதிரி, காயை எடுத்து முதல் கட்டத்தில் வைத்தான்.

தான் செய்த படத்தை ஒருவர் ஆடும்போது அவர் முகத்தை ஜேசுராஜ் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவர் பரமபதமும் வேறு ஆட்டப் படங்களும் வெட்டினார். எதையும் நாலு பேரை ஆடவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மெஷினுக்கு அனுப்பியதில்லை. முதல் பத்துக் கட்டத்துக்குள் ஒரு ஏணி இருந்தால் வேடிக்கை பார்க்க வந்தவனும் உட்கார்ந்துவிடுகிறான். அடி வரிசை வரை இறக்கினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறான். பாதி வரை இறக்கினால் பகடையைக் கொடு என்று கை நீட்டுகிறான். பாம்புகளின் வாலை அவர் குறைத்தது அதனால்தான். இந்தப் பாடமெல்லாம் பின்னால் வந்தது.

அன்றைக்கு அவர் உண்மையைச் சொன்னார். ஆறு பக்கம், ஆறு பாம்பு, அண்ணாச்சி சொன்ன பன்னிரண்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஆதித்தன் பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க வெட்டல அண்ணே. செத்தவுக ரெண்டு பேருந்தான் உங்க கையப் புடிச்சு வெட்ட வச்சிருக்காக."

ஜேசுராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. சாந்தமான மனுஷர்தான். ஆனால் தன் வேலையை இன்னொருத்தர் பேரில் எழுதினால் பொறுக்கமாட்டார்.

"எனக்குச் சோறு போடுற கை இது. இதுல வந்த தப்பு என் தப்பு. அத யாருக்கும் தரமாட்டேன், செத்தவுகளுக்கும் சரி, உங்களுக்கும் சரி."

செய்தித்தாளைப் பிரித்துக் கட்டையை வெளியே எடுத்தார். நூற்று இருபத்தெட்டாவது கட்டத்தைத் தேடினார். உளியை வைத்து அந்தப் பாம்பின் தலையை மட்டும் செதுக்கி எறிந்தார். இருபது நாள் வேலையில் அழகாக வந்திருந்த தலை அதுதான். உருளையால் மை தடவி, மேலே தாளைப் போட்டு, மாயக்காளிடம் கரண்டி வாங்கி அதன் முதுகால் தேய்த்தார். தாளை உரித்தபோது ஐந்து பாம்பு நாக்கை நீட்டின. ஒன்று தலையில்லாமல் வெறும் வாலோடு கிடந்தது.

"இங்கன கால் வைக்கலாம். இங்கனருந்து நாலு போட்டா மேல. இப்ப உருட்டுங்க."

"நீங்களும் உக்காந்தா உருட்டுறேன்" என்றான் ஆதித்தன்.

ஜேசுராஜ் ஜெபராணியை நினைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பொத்தானில் ஒன்றைப் பிய்த்துக் காயாக வைத்தார். ஆதித்தனுக்குப் புளியங்கொட்டை.

ஒரு மணி நேரம் ஓடியது. ஜேசுராஜுக்குப் பகடையைப் போடவே தெரியவில்லை, உப்புத் தூவுகிற மாதிரி விட்டார். ஆனாலும் பொத்தான் ஏணி ஏணியாக ஏறி, தலையில்லாத பாம்பின் மேல் போய் நின்றது. அடுத்து நாலு விழுந்தது. பொத்தானை எங்கே வைப்பது என்று புரியாமல் கையில் பிடித்தபடி ஆதித்தனைப் பார்த்தார்.

ஆதித்தன் முதலில் படத்தைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பி வந்தது.

"ஏ மாயக்கா! வேதக்காரரு வைகுண்டம் போயிட்டாகடி!"

மாயக்காள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவன் அதே சிரிப்போடு பகடையை எடுத்துப் போட்டான். இரண்டு. தலையில்லாத பாம்பின் மேலேயே நின்ற புளியங்கொட்டை நூற்று முப்பதில், பாம்பின் வாயில் போய் விழுந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜேசுராஜ் கண்ணை மூடிவிட்டார்.

"சாரமில்ல" என்றான் ஆதித்தன். "வழிதான் இருக்கே."

மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் காயை அடி வரிசைக்கு இறக்காமலே எழுந்து சட்டையை மாட்டினான். "வாங்க அண்ணே, பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்."

கோழியைக் கிளப்பித் தார்ப்பாயை உருவினார்கள். மூன்று மாசமாக நின்ற வண்டி சாவிக்கு மசியவில்லை. ஜேசுராஜும் மாயக்காளும் பின்னாலிருந்து தள்ள, தெருமுனையில் உறுமிக்கொண்டு கிளம்பியது. பஸ் ஸ்டாண்டு வந்தது. ஜீப் நிற்கவில்லை. கம்பம் தாண்டியது, உத்தமபாளையம் தாண்டியது. வழியெல்லாம் ஆதித்தன் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். தேனியில் வீட்டு வாசலில்தான் நிறுத்தினான்.

ஜெபராணி வெளியே வந்தாள். "சொல்லாமக் கொள்ளாம எங்க போயிட்டு வாரீக?"

"வைகுண்டத்துக்கு" என்றார் ஜேசுராஜ். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார், பகடை போட்டது உட்பட.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். "தம்பி, காப்பி சாப்பிட்டுப் போங்க."

"இருக்கட்டும் ஆத்தா. காலையில குமுளி டிரிப் இருக்கு."

ஜீப் திருப்பத்தில் மறையும் வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள். ஜெபராணி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"கையக் கழுவுங்க" என்றாள். "மையா இருக்கு."