எங்கள் தெருக் கிருமி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துபோகிறவர்கள் கையில் பால்கோவா டப்பா இருக்கும். என் கையிலும் டப்பாதான் இருக்கும், உள்ளே இருப்பது வேறு. ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் யாராவது தெர்மாகோல் பெட்டியைப் பார்த்து, "பால்கோவாவாம்மா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். நானும் என் தோழியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பயம். பெட்டிக்குள் ஐஸுக்கு நடுவே, வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைகளின் மலம் இருந்தது.

ராஜபாளையத்தில் பழைய மில் ஆபீஸ் மாடியில் ஒரு சின்னத் தனியார் ஆராய்ச்சிக்கூடம். எங்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. ரத்தமும் சளியுமாகப் பிள்ளைகளுக்கு வயிறு போகிறதே, அதை உண்டாக்கும் கிருமிக்குத் தடுப்பூசி தேடுவது எங்கள் தலைமை சாரின் திட்டம். நான் மலத்தைக் கொண்டுவந்து, கிருமியை வளர்த்து, அதன் டி.என்.ஏ.வைப் பிரித்துச் சென்னைக்கு அனுப்புவேன். அது கம்ப்யூட்டர் ஃபைலாகத் திரும்பி வரும். அதற்கு மேல் தோழியின் ராஜ்யம். ஒரு கிருமிக்குள் ஆயிரக்கணக்கில் புரதங்கள் உண்டு. எதைக் காட்டி உடம்பைப் பழக்கினால் நோய் வராது என்று கம்ப்யூட்டரில் சலித்துச் சலித்து எடுப்பாள்.

வீட்டில் கேட்டால் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரிதான் என்று சொல்வேன். கிருமிக்கு உள்ளேயே ஒளிந்திருக்கும் புரதம் வேண்டாம், வெளியே தலைகாட்ட வேண்டும். மனுஷ உடம்பில் இருக்கும் புரதத்தின் ஜாடையில் இருக்கக் கூடாது, சொந்தத்தில் சம்பந்தமே வேண்டாம். முக்கியமாக, அந்தக் கிருமி எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் புரதம் அதில் இருக்க வேண்டும். ஓர் ஊர்க் கிருமியில் இல்லை என்றால், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊசி கேட்காது.

இதையெல்லாம் நான் உட்காரவைத்துச் சொன்னது என் மதினியிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் பிறந்த தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டில். நான் வேலையில் சேர்ந்த வருஷ மழையில் சாக்கடை குடிதண்ணீர்க் குழாயில் கலந்து, தெருவில் பாதிப் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அண்ணன் மகன் பிழைத்ததே பெரிய காரியம். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்தார்கள், அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மதினி அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு ஊசி கெடையாதா?" என்று மதினி கேட்டாள்.

"இன்னும் வரல மதினி. நாங்க தேடுதோம். ஒங்க தெருக் கிருமி கெடச்சா அதையும் சேத்துப் பாப்போம். அப்பத்தான் ஊசி வரும்போது இவனுக்கும் கேக்கும்."

வாக்குக் கொடுத்தது நான்தான். மதினி அதைப் பிடித்துக்கொண்டாள். கூச்சப்பட்ட அம்மாக்களை, "புள்ளைக்குப் போறதைத்தான கேக்கா, ஒங்க நகையவா கேக்கா?" என்று விரட்டினாள். மழைக்காலத்தில் கழிவுத் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர், எந்தக் காலமானாலும் அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கு வயிறு போகும். உடனே எனக்குப் போன் வரும். "ஏ பிள்ள, டப்பா எடுத்துட்டு வா."

தோழிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும், "நீ தனியா எதுக்குட்டி போற, நானும் வாரேன்" என்று கிளம்பிவிடுவாள். பிளஸ் ஒன்னிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள். அவளுக்குப் பிடிக்கும் என்று மதினி கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைப்பாள். நான் மட்டும் போனால் ரசம்தான். திரும்பி வரும்போது ஐஸ் பெட்டியைத் தோழியே மடியில் வைத்துக்கொள்வாள். "நீ தூங்குட்டி, நான் பாத்துக்கிடுதேன்." நானும் அவள் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்குவேன்.

ஒரு புரட்டாசி மாதம், புரதம் கிடைத்துவிட்டது என்று சார் அறிவித்தார். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. டாக்டர்கள், நன்கொடை கொடுத்த மில்காரர்கள் என்று நல்ல கூட்டம். மலம் கொடுத்த தாய்மார்களுக்கும் சால்வை போர்த்த வேண்டும் என்றார் சார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. அண்ணன் வேன் பிடித்தான். மதினியும் தெருப் பெண்களும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

தோழி மேடையேறித் திரையில் ஒரு படம் போட்டாள். ஊர் ஊராகக் கிருமிகள், மற்ற நாட்டார் இன்டர்நெட்டில் போட்டு வைத்தவையும் சேர்த்து, ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. புரதம் இருந்தால் பச்சைக் கட்டம், இல்லாவிட்டால் வெள்ளை. எங்கள் புரதத்தின் வரிசை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே பச்சை. எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தேடினேன். பங்களாதேஷ் இருந்தது, கென்யா இருந்தது, பெரு இருந்தது. எழுத்து பொடியாக இருக்கிறது, விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி மேலிருந்து பார்த்தேன். எங்கள் தெரு இல்லை.

அதற்குள் மதினிக்குச் சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். வாங்கித் தெளிவாகப் பேசினாள். "எங்க தெருப் புள்ளைக குடுத்த கிருமியும் இதுல இருக்கு. நாளைக்கு ஊசி வந்தா எங்க புள்ளைகளுக்கும் கேக்கும். அது போதும்." மண்டபமே தட்டியது. தோழியும் தட்டினாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கூடத்துக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில் அவளை மடக்கினேன்.

"வில்லிபுத்தூர் எங்கட்டி?"

"செத்த பொறு, பொறவு பேசுவோம்."

"இப்பச் சொல்லு."

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒங்க தெருக் கிருமில பாதிக்கு மேல அந்தப் புரதமே இல்ல. சேத்தா பச்சை நிக்கல. சார் எடுத்துரச் சொன்னார்."

"எப்ப?"

"போன தையில."

தைக்குப் பிறகு ஒரு கோடை போயிருந்தது, ஓர் ஆடி போயிருந்தது. அந்த மாதங்களெல்லாம் நான் டப்பா வாங்கப் போனேன், இவளும் கூடவே வந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவாட்டி என்கூட வந்த?"

"ஒன்னத் தனியா விட மனசு வரல."

அடித்திருக்கலாம். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். கை ஓங்கவில்லை, அழுகைதான் வந்தது. புரதம் தேறாமல் போவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. எங்கள் ஊர்க் கிருமியில் இல்லை என்றால் அந்தப் புரதத்தைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். இவர்கள் புரதத்தை வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சாருக்குத் தெரியும். கண்ணாடிக் குப்பி கழுவும் அக்காவுக்குக்கூட அரசல்புரசலாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

சாரிடம் போய் நின்றேன். "எல்லா டேட்டாவும் ஆராய்ச்சிப் பேப்பர்ல வராதும்மா. அதான் அவிய எல்லாருக்கும் சால்வை போட்டு மரியாதை பண்ணியாச்சே" என்றார். சால்வை என்று முதலில் சொன்னபோது வந்த மரியாதை அந்த நிமிஷமே போயிற்று.

மறுநாளே மதினி வீட்டுக்குப் போனேன். மறைத்துவைக்க எனக்கு மனசு கேட்கவில்லை. சால்வையை மடித்து, புதுசு மாதிரி மறுபடி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பீரோ கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்த ஊசி வந்தா இவனுக்குக் கேக்காதா?"

"கேக்கும்னு சொல்ல முடியாது மதினி."

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆடியில வந்து இந்த எடத்துல ஒக்காந்துதான சாப்பிட்டா? அப்பமும் தெரியுமா?"

நான் தலையாட்டினேன். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரே ஆபீஸு, ஒரே பஸ்ஸு. ஒனக்கு மட்டும் தெரியலயாக்கும்."

சத்தியமாகத் தெரியாது என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு ரசம்கூட இல்லை.

வேலையை விட்டாயா என்று பலர் கேட்கிறார்கள். விடவில்லை. எங்கள் தெருக் கிருமிகள் உறைந்து கிடக்கும் ஃப்ரீசர் அங்கேதான் இருக்கிறது. தோழி பக்கத்து மேஜையில் இருக்கிறாள், எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. சலிக்கும் வேலையை வீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி நானே படித்துக்கொண்டேன். எங்கள் தெருவைச் சேர்த்துச் சலித்தேன். மேடையில் கைத்தட்டு வாங்கிய புரதம் விழுந்தது. பட்டியலின் அடியில் கிடந்த வேறொரு புரதம் தப்பி நிற்கிறது. அது நிஜமாகவே நிற்குமா என்று பார்க்க, தெருவிலிருந்து இன்னும் கிருமி வேண்டும். புது டப்பாக்கள் வாங்கி, ஐஸ் பெட்டியைத் துடைத்து, வாசல் பக்கம் வைத்திருந்தேன்.

அடுத்த வருஷ ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் வேறு ஏதோ விஷயமாகப் போனில் பேசும்போது பேச்சுவாக்கில் சொன்னான், தெருவில் வரிசையாகப் பிள்ளைகளுக்கு வயிறு போகிறது, தன் மகனுக்கும் இரண்டு நாளாகப் போய் இப்போதுதான் நின்றிருக்கிறது என்று. மதினி எங்கே என்று கேட்டேன். பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றான். போனைக் கொடு என்றேன். "இந்தா, பேசு" என்று அவன் நீட்டுவது கேட்டது, அவள் வாங்கவில்லை.