தென்னைக்கு அடியில் ஒரு ஹெல்மெட்

மேடவாக்கத்தில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் தென்னந்தோப்பு இது. ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறார்கள். ஊரில் என் தோப்பிலும் போடலாமா என்று பார்க்க வந்திருக்கிறேன். உள்ளே மதியத்திலேயே இருட்டு. கோகோ பறிக்கும் அக்கா, தலையில் பைக் ஹெல்மெட்டோடு நிற்கிறார்.

"மேல பாக்காத சார், மூஞ்சில வுழும்" என்கிறார்.

பார்த்தாலும் கோகோ இலைதான் தெரிகிறது. அதற்கும் மேலே எங்கோ தொங்குகின்றன தேங்காய்கள்.

"மரம் ஏற ஆள் வர்றதில்லையாக்கா?"

"குலைய வெட்டிப் போட்டப்போ ஒரு கோகோ கிளை ஒடஞ்சிருச்சு. ஓனர் கண்டபடி கத்திட்டாரு. அப்பால மரமேறி இந்தப் பக்கமே வரல. காய் முத்திப்போய் தானா வுழுந்துகினு கீது."

கடல்காற்று எழும்புகிறது. மேலே மட்டைகள் உரசுகின்றன. அக்கா சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டுகிறார். கூடையிலிருந்த கோகோக் காய்களைக் கீழே கொட்டிவிட்டு, கூடையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார். இலைகள் கிழிகிற சத்தம். பிறகு 'தொம்' என்று ஒன்று. சருகு மெத்தையில் விழுந்ததால் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. முன்னால் போவதா, பின்னால் போவதா என்று தெரியாமல் நிற்கிறேன். அக்காவும் அசையவில்லை. கூடையை மட்டும் இன்னும் கீழே இழுத்துக்கொள்கிறார்.

கேட்டுக்கு வெளியே, ஒரு மரமும் இல்லாத தார் ரோட்டில், கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டு ஓனர் குரல் கொடுக்கிறார்:

"எப்படி சார் இருக்கு நம்ம தோப்பு? உள்ள ஜில்லுன்னு இல்ல?"