அரிசி பறந்த கட்டுரை

ஹொன்னம்மா டீச்சரைப் பெற்ற அப்பாவே அவரைக் கடைசிவரை 'ஒன்னம்மா' என்றுதான் கூப்பிட்டார். எங்கள் மண்டியா நாக்குக்கு 'ஹ' வராது. கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி, ஹக்கி என்றால் பறவை. பிள்ளைகள் மாற்றி எழுதுவார்கள். அரிசி கூடு கட்டும், பறவை உலையில் வேகும். கரும்பு வெட்டுகிற வீட்டிலிருந்து படிக்கப் போய், கேலிக்கு ஆளாகி அந்த எழுத்தைப் பிடித்தவர் ஹொன்னம்மா. வேலைக்கு வந்த நாளிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டினார். அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்து வகுப்பில் எனக்குக் கணக்கே மறந்துபோகும்.

இப்போது சத்தமில்லை. பிள்ளைகள் போனிடம் சொல்கிறார்கள், அது கட்டுரை எழுதித் தருகிறது, இவர்கள் பார்த்து எழுதி வருகிறார்கள். மருந்துக்கும் தப்பில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டுக்கட்டாத் திருத்துறேன் மேஷ்ட்ரே, ஒரு புள்ளயோட குரலும் கேக்கல," என்றார் ஹொன்னம்மா. "ஒருத்தியாவது தானா எழுதுறாள்னு தெரிஞ்சா போதும். இல்லன்னா நான் எதுக்கு இங்க வரணும்?"

போன வாரம் ஒன்பதாம் வகுப்பு ஸ்பந்தனாவின் நோட்டோடு ஓடிவந்தார். 'மரத்திலிருந்து அக்கி பறந்தது' என்று இருந்தது.

"அரிசி பறக்குது பாருங்க. இது நம்ம புள்ள எழுதினது."

காலமெல்லாம் அடித்து விரட்டிய தப்பை இப்படிக் கொஞ்சுகிறாரே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தன. முழு மதிப்பெண் போட்டு, அந்தப் பெண்ணை ஆசிரியர் அறைக்கே கூப்பிட்டார்.

"நீயே எழுதினியாடி?"

"இல்ல மிஸ். தப்பில்லாம இருந்தா நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க. அதான் மண்டியாப் புள்ள மாதிரி நாலு தப்பு விட்டு எழுதுன்னு போன்கிட்டச் சொன்னேன்."

ஹொன்னம்மா ஒரு வெள்ளைத்தாளை அவள் முன் வைத்தார். "காலையில என்ன சாப்பிட்ட?"

"உப்பிட்டு மிஸ்."

"அதப் பத்தி ரெண்டு வரி எழுது."

எடுத்த பேனா அப்படியே நின்றது. எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பிறகு சூதுவாது இல்லாமல் கேட்டாள்: "சரியா எழுதணுமா மிஸ், தப்பா எழுதணுமா? அத மட்டும் சொல்லுங்க, போன்ல கேட்டு எழுதிட்டு வரேன்."

"நீ போம்மா," என்றார் ஹொன்னம்மா.

அன்றிலிருந்து அவர் நோட்டுகளைப் படிப்பதில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நேற்று அவரிடம் போனேன்.

"படிக்கிறேன் மேஷ்ட்ரே," என்றார். "யாரு எழுதினதப் படிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."