மேல்கல் இறங்கிய நாள்

கடலுக்கும் எனக்கும் உள்ளது சம்பள உறவு. கடற்கரை ஊர்களில் கூட்டம் போட்டு, அலை எதுவரை ஏறும், வலை எங்கே காயும், வீடு எதுவரை கட்டலாம் என்று ஊர்க்காரர்களிடமே கேட்டு வரைபடம் போடுவது என் வேலை. பிறந்ததோ ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், செட்டியார்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊர். பதினேழு வயது வரை நான் கடலைப் பார்த்ததில்லை. இருந்தாலும் இந்தத் தொழிலை நான் கற்றது எங்கள் கண்மாயில்தான். அதையும் முதல் நாளே கெடுத்துவிட்டுத்தான் கற்றேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா நூல் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தாள். மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அத்தை அதைப் பற்றி அழுது யாரும் பார்த்ததில்லை. கண்மாய்க்குள் தண்ணீர் வற்ற வற்ற வெளியே வரும் வண்டலில் ஒரு துண்டு நிலத்தில் வெள்ளரி போடுவாள். அதுதான் அவளுடைய வருமானம். இந்த வருசத்து வெள்ளரியில் வீட்டுக்கு ஓடு மாற்றுவது, அடுத்த வருசத்து வெள்ளரியில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்குவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தது. கடிகாரம் வருவதற்கு முன்பே நான் வகுப்பில் அடிக்கடி மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

கண்மாய்க்குள் வெள்ளரி போட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர். தென்னம்பிள்ளை வைத்தவர் ஒருவர்தான். பெரிய கை. ஊரில் அவரைத் தோப்புக்காரர் என்போம். வெள்ளரிக்குத் தண்ணீர் வந்தால் கொடியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடலாம், தென்னம்பிள்ளையை அப்படிச் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் அவருடைய பிள்ளைகளின் காலைத் தொடும்போது, உபரித் தண்ணீர் வழிந்து போகும் மறுகாலில் அடுக்கியிருக்கும் கற்களில் ஒரு வரிசை காணாமல் போகும். கண்மாய் நிறையாமலே வழிந்து ஓடிவிடும். கடைமடை வயல்கள் மாசியிலேயே வெடித்துக் கிடக்கும். கல்லை எடுப்பது யார் என்று ஊருக்கே தெரியும், பார்த்தவர்தான் யாரும் இல்லை.

அந்த வருசம் ஓர் இன்ஜினியர் வந்தார். கண்மாயைத் தூர்வாரிக் கரையை உயர்த்தப் போவதாகவும், அதற்கு முன் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று ஊரே கூடிச் சொன்னால் அந்த இடத்தில் எல்லைக்கல் நடுவதாகவும், கல்லுக்குள்ளே இனி யாரும் எதுவும் போடக்கூடாது என்றும் சொன்னார். என்னிடம் வரைபடம் இருக்கிறது, ஆனால் அது பழசு, நீங்கள் போடுங்கள் என்றார். இப்படி ஓர் அதிகாரி கேட்பார் என்று ஊர் எதிர்பார்க்கவே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கூட்டம் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆசைதீரப் பார்த்தேன். தரையில் சாக்பீஸால் கண்மாயை வரையச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கண்மாய் வரைந்தார்கள். ஒருவருடைய கண்மாயும் அவரவர் நிலத்தைத் தொடவில்லை. தோப்புக்காரர் வரைந்த கண்மாய் ஏறக்குறைய ஒரு கிணறு அளவுக்கு இருந்தது.

இந்த வேலைக்கென்று ஊரில் ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள், அதில் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி. அதற்காக அத்தையைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் அதுவரை பேசாமல் இருந்ததே அதிசயம். எழுந்து இன்ஜினியரைப் பார்த்துச் சொன்னாள்:

“கரையப் பத்தி ஆம்பளைகளக் கேளுங்க சார். தண்ணி எங்க வந்து நிக்கும்னு எங்களக் கேளுங்க. அழுக்குத் துணியத் தூக்கிட்டு அது பின்னாலயே நடக்கிறது நாங்கதான்.”

அவள் சொன்னது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் பக்கத்துச் சரிவில் நாலைந்து வீட்டுக்கு ஒரு துறை. ஒவ்வொரு துறையிலும் இரண்டு துவைகல். தண்ணீர் குறையும்போது சின்னக் கல்லை உருட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், அது கீழ்கல். பெரிய கல் மேட்டிலேயே கிடக்கும். கண்மாய் நிறைந்தால் மட்டும்தான் அதில் துவைக்க முடியும், அது மேல்கல். மேல்கல் இருக்கும் இடம்தான் கண்மாயின் விளிம்பு. எந்தக் காலத்தில் யார் போட்ட கல் என்று யாருக்கும் தெரியாது, யாரும் அதை அசைத்ததும் இல்லை. இன்ஜினியர் அத்தையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வருகிற சனிக்கிழமை காலையில் துறைக்கு ஒரு பெண் அவரவர் மேல்கல்லில் ஏறி நிற்பது, நிற்கிற இடத்தில் எல்லைக்கல் நடுவது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அத்தையின் வெள்ளரிக்காடு எங்கள் துறையின் மேல்கல்லுக்கும் கீழ்கல்லுக்கும் நடுவில் இருந்தது. மேல்கல்லில் கோடு போட்டால் காடு முழுவதும் கண்மாய். அத்தை பேச்சு வேகத்தில் தன் நிலத்தைத் தானே தொலைத்துவிட்டாள், இதைச் சரிசெய்ய வீட்டில் புத்தியுள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் அரை நாள். என் சிநேகிதி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு, வீட்டு உலக்கையோடு துறைக்குப் போனேன். வெயிலில் ஈ காக்கை இல்லை. உலக்கையைக் கல்லுக்கடியில் கொடுத்து இருவரும் தொங்கினோம். மூன்றாவது தொங்கலில் கல் புரண்டது. அதற்குப் பிறகு எங்கள் உதவி அதற்குத் தேவைப்படவில்லை. கடகடவென்று சரிவில் இறங்கி, வெள்ளரிக்கொடியில் ஒரு பாத்தியை நசுக்கி, காட்டுக்குக் கீழே போய் நான் நினைத்த இடத்திலேயே நின்றது. போகிற போக்கில் என் கால் பெருவிரலையும் ஒரு பதம் பார்த்தது. காடு இப்போது கண்மாய்க்கு வெளியே வந்துவிட்டது. வலியையும் மீறிப் பெருமையாக இருந்தது.

பள்ளிக்கூடப் படியில் இடித்துக்கொண்டேன் என்று அத்தையிடம் சொன்னேன். அவள்தான் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து விரலில் பற்றுப் போட்டுவிட்டாள். பற்றுப் போடும்போது, விரலிடுக்கில் ஒட்டியிருந்த வண்டலைத் துடைத்துவிட்டுத்தான் போட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்துப் படியில் வண்டல் ஏது என்று அவள் அப்போது கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஊரே திரண்டது. கரையின் மேல் இன்ஜினியரும் ஆண்களும். சரிவில் பெண்கள். எங்கள் துறைதான் முதல் துறை. அங்கே போனதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மேட்டில் கல் கிடந்த இடத்தில் பச்சைக்குழி, ஈரம்கூடக் காயவில்லை. அங்கிருந்து சரிவு நெடுக உருண்ட தடம். கீழே கல், துவைத்துத் துவைத்து வழவழப்பான முகம் மண்ணுக்குள்ளும், வேரும் மண்ணும் அப்பிய அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தும் கிடந்தது. இதையெல்லாம் நான் யோசித்திருக்கவில்லை. கல்லுக்கு அடிப்பக்கம் ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தோப்புக்காரர் கரையிலிருந்து இறங்கி வந்தார். கோபப்படவில்லை, சிரித்தார். “கமிட்டிக்காரம்மா கல்லுக்குக் கால் மொளைச்சிருக்கு. இந்தக் கல்லுகள நம்பியா சார் கோடு போடப் போறீக?” என்று இன்ஜினியரைக் கேட்டார். ஒரு கல் நகர்ந்திருந்தால் எல்லாக் கல்லும் நகர்ந்திருக்கலாம். இன்ஜினியர் குறிப்பு நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைமடைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அத்தை குழியைப் பார்த்தாள். தடத்தைப் பார்த்தாள். பிறகு, கூட்டத்தில் முன்னால் நின்றிருந்த என் கால் விரலைப் பார்த்தாள். நான், இதைச் செய்தது நான்தான், எங்கள் காட்டை நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் தோளில் கையை வைத்து அழுத்தினாள். இன்றைக்கும் அந்த அழுத்தம் தெரிகிறது.

“நாந்தான் உருட்டுனேன்” என்றாள். “வெள்ளரிக்கு ஆசப்பட்டுட்டேன். இந்தா இருக்கு குழி, இதுதான் கல்லு கெடந்த எடம். மொதக் கல்ல இதுலயே நடுங்க சார்.”

சொல்லிவிட்டு அந்தக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டாள். பிறகு அடுத்த துறைக்காரி போய்த் தன் மேல்கல்லில் ஏறி நின்றாள். அதற்கடுத்தவளும் ஏறினாள். கரையிலிருந்து பார்த்தால் கண்மாய் நிறைந்து நிற்பதன் விளிம்பு சேலைகளாகவே தெரிந்தது. தென்னம்பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் கோடு எப்படிப் போகும் என்று சொல்ல இன்ஜினியர் தேவைப்படவில்லை. தோப்புக்காரர் வாயைத் திறப்பதற்குள், ஊருக்கு மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சி முதன்முதலாகக் குரலை உயர்த்தினார்: “அந்தம்மா தன்னோடத விட்டுட்டு நிக்கி. இனி யாரும் எதுவும் பேசப்பிடாது.” கடைமடைக்காரர்கள் எல்லைக்கல்லைத் தூக்கி வந்து அத்தையின் காலடியிலேயே நட்டார்கள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என் வேலையைத் தன் வேலை என்று சொன்னதும் அல்லாமல், அதைக் கெடுத்தும் விட்டாளே என்று இரண்டு நாள் அத்தை வீட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு மடி வெள்ளரிப்பிஞ்சு கொண்டு வந்து போட்டுவிட்டு, “ஏட்டி, கால் ஆறிருச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

கல்லை நகர்த்தியவள் கமிட்டியில் இருக்கக்கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே அவள் பெயரை அடித்துவிட்டார்கள். கூட்டம் அலுத்துப் போய்த்தான் அத்தை போவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரில் அவளுக்கு ‘கல்லுருட்டி’ என்று பெயர் விழுந்தது. வெள்ளரி போனபின் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனாள். ஓடு மாற்றினாளா என்று எனக்கு நினைவில்லை, அதைக் கவனித்ததும் இல்லை.

அடுத்த கார்த்திகையில் மறுகால் கற்கள் அப்படியே இருந்தன. நான் பிறந்து அறியாத அளவுக்குக் கண்மாய் நிறைந்தது. ஒரு காலையில் தண்ணீர் எங்கள் எல்லைக்கல்லின் அடியை வந்து தொட்டு, அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறாமல் நின்றது. மேல்கல்லை ஆண்கள் மறுபடி மேட்டுக்கு ஏற்றிப் போட்டிருந்தார்கள். துறையில் இடம் இல்லாத கூட்டம். அத்தை துவைத்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, “கல்லுருட்டி, செத்த தள்ளி உக்காரு, நாங்களும் தொவைக்க வேண்டாமா?” என்றாள். அத்தை ஈரத்துணியை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

துறை முழுவதும் சிரித்தது. அதில் அதிகச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.