மௌத், கலாஸ்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் இன்னும் தகராறுதான். பிழைகளை மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதப்போகும் விஷயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

நான் சிறுவனாக இருந்தபோது அமீரகத்தில், அல் ஐனுக்கு வெளியே, மணலுக்கு நடுவில் ஓர் ஒட்டகப் பண்ணையில் இருந்தோம். அங்கே அப்பா ஒட்டகம் மேய்த்தார், அம்மா முதலாளி வீட்டில் சமைத்தாள். முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. என்னைக் கண்டால் கை நிறையப் பேரீச்சம்பழம் தருவார். எங்கள் மூன்று பேரின் பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில் இருந்தது.

ஊரில் தாத்தா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பா மூத்த பிள்ளை. கொள்ளி வைக்கத்தான் போக முடியவில்லை, பதினாறாம் நாள் கருமாதிக்காவது போகவேண்டும் என்று அர்பாப் முன்னால் போய் நின்றார். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டு, அப்பாவின் தோளைத் தொட்டு, அடக்கம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றார் அப்பா.

“மௌத். கலாஸ்.”

செத்தாயிற்று, முடிந்தது. மண் போட்ட பிறகு மகனுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் எண்ணம். அப்பாவின் அரைகுறை அரபியில் கருமாதிக்குச் சொல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். எனக்குக் கோபம் அப்பா மேல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அர்பாப் விருந்தாளிகளோடு வேட்டைக்குக் கிளம்பினார். ஒரு விருந்தாளி சுட்ட மான் அடிபட்டும் விழாமல் ஓடிவிட்டது. வழிதவறிய ஒட்டகங்களைத் தடம் பார்த்தே பிடித்துவருபவர் என்பதால் அப்பாவை அனுப்பினார்கள். அர்பாப் ஒரு விஷயத்தில் கண்டிப்பானவர். மான் உயிரோடு கிடைத்தால் இறைவன் பெயர் சொல்லி அறுப்பார். செத்துக் கிடந்தால் தொடமாட்டார்.

“ஜல்தி, ஜல்தி!” என்று விரட்டினார்.

நானும் கூடவே ஓடினேன். மூன்று குளம்புகள் மணலில் பதிந்திருந்தன, நான்காவது கோடாக இழுபட்டிருந்தது. ரத்தச் சொட்டுகளில் எறும்பு மொய்த்தது. மணல்மேட்டுக்குப் பின்னால், ஒரு முள்மரத்து நிழலில் மான் படுத்திருந்தது. தொடையைக் குண்டு கிழித்துக்கொண்டு போயிருந்தது. காது மட்டும் துடித்தது.

“அப்பா, உசுரோட இருக்கு! கூப்புடவா?”

“வாய மூடுறா.”

அப்படி அவர் என்னிடம் பேசியதே இல்லை. ஜீப் சத்தம் கேட்டதும் மேட்டின் உச்சியில் ஏறி நின்றார். நானும் பின்னால் போய் நின்றேன். ஜீப் மேட்டின் இந்தப் பக்கம் கீழேயே நின்றது. மான் எங்கே என்று கேட்டார் அர்பாப்.

“மௌத், அர்பாப்.”

விருந்தாளி நம்பாமல் கதவைத் திறந்து ஒரு காலை மணலில் வைத்தார். அவர் மேலே வந்தால் வேலை, சோறு, தங்கும் இடம் எல்லாம் அன்றோடு போகும். அப்பா நகரவில்லை. முதல் தடவையாக அர்பாபின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“கலாஸ்,” என்றார்.

அர்பாப் ரொம்ப நேரம் அவரையே பார்த்தார். பிறகு விருந்தாளியிடம் “யல்லா”, கிளம்பலாம் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அவருக்கு என்ன புரிந்ததோ, அந்த மானைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மரத்தடி காலி. இழுபட்ட கோடு ஒன்று மணலில் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா பொய் சொன்ன? நமக்கும் கறி குடுத்திருப்பாங்கல்ல?”

“அவரு சொன்னதத்தான்டா நானும் சொன்னேன்,” என்று சிரித்தார் அப்பா.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். கோழை என்று நினைத்திருந்த அப்பா அன்று பொய்யராகவும் ஆகிவிட்டார். என்னிடம் ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார் என்று அப்போது விளங்கவில்லை.

இன்று காலையில் ஊருக்குப் போகக் கேட்டேன். சூப்பர்வைசர் “லீவ் மாஃபி”, லீவ் கிடையாது என்றார். டிக்கெட் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட் என் சட்டைப் பையில் இருக்கிறது.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப், துபாய்,
அப்பா இறந்த மூன்றாம் நாள்.